மீட்டரை அடி, அங்குலமாக மாற்ற ஓர் எண் போதும்

மீட்டருக்கு ஒன்று, சென்டிமீட்டருக்கு ஒன்று என்று பெருக்கும் எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 1 அங்குலம் = 25.4 மி.மீ. இது மட்டும் நினைவில் இருந்தால் போதும். இது தோராயக் கணக்கும் இல்லை. முன்பு அமெரிக்க அங்குலமும் பிரிட்டிஷ் அங்குலமும் மயிரிழை அளவு வேறுபட்டிருந்தன. 1959-இல் இவ்விரு நாடுகளும் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று முடிவு செய்தன. கஜத்துக்கு 36 அங்குலம். வகுத்துப் பாருங்கள், சரியாக 25.4 மி.மீ. வரும்.

சரி, கணக்குக்குப் போவோம். ஒருவரின் உயரம் 175 செ.மீ.

படி 1: மி.மீ. ஆக்குங்கள். 1750.

படி 2: 25.4-ஆல் வகுங்கள். 68.9 அங்குலம்.

படி 3: 12 அங்குலம் ஓர் அடி. 68.9-இல் ஐந்து முழு அடி, அதாவது 60 அங்குலம் போக மீதி 8.9. ஆக 5 அடி 8.9 அங்குலம், பேச்சுக்கு 5 அடி 9 என்று சொல்லலாம்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த மூன்றாம் படியில்தான். இதே உயரத்தைக் கால்குலேட்டரில் நேரடியாக அடியாக மாற்றினால் 5.74 என்று காட்டும். அதைப் பார்த்து 5 அடி 7 அங்குலம் என்று எழுதிவிடுவார்கள். அந்த 0.74 என்பது அடியின் பங்கு, அங்குலம் அல்ல. அதை 12-ஆல் பெருக்கினால்தான் 8.9 கிடைக்கும். இன்னொன்று: 182 செ.மீ.க்கு 5 அடி 11.65 அங்குலம் வரும். முழு எண்ணாக்கும்போது 5 அடி 12 என்று எழுதாதீர்கள், அது 6 அடி.

அளவு டேப்பில் தசமம் இருக்காது. பெரும்பாலும் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கோடுகள்தான் இருக்கும். 43 மி.மீ. பலகையை எடுத்துக்கொள்வோம். 25.4-ஆல் வகுத்தால் 1.693. முழு அங்குலம் 1-ஐத் தனியே வைத்துவிட்டு, மீதி 0.693-ஐ 16-ஆல் பெருக்குங்கள். 11.09 வரும். ஆகவே 1 அங்குலம் தாண்டி 11-வது கோடு, 1 11/16. வித்தியாசம் 0.14 மி.மீ.தான், மர வேலைக்கு இது தாராளம், இயந்திர பாகங்களுக்குப் போதாது. அங்கே மி.மீ.யிலேயே இருந்துவிடுவது நல்லது.

முழு எண்ணாக்குவதைக் கடைசியில் மட்டும் செய்யுங்கள். மீட்டருக்கு 3.3 அடி என்று முதலிலேயே சுருக்கினால் 3.6 மீட்டர் நீளம் 11 அடி 10.6 அங்குலம் ஆகிவிடும். உண்மையில் 11 அடி 9.7. கிட்டத்தட்ட ஓர் அங்குலம் கூடிவிட்டது!

மைலுக்கு அங்குலம் வழியாகச் சுற்றிப் போவது வீண் வேலை. கிலோமீட்டரை 1.609-ஆல் வகுத்தால் முடிந்தது. மனக்கணக்குக்கு 8 கி.மீ. சுமார் 5 மைல்.