நாற்றமில்லாமல் கூட்டெரு: பல்கனி வாளியில் காபனும் நைதரசனும்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் கூட்டெரு போட ஆசைப்பட்டு வாளி வாங்கி, இரண்டு வாரத்திலேயே கைவிட்டவர்கள் நிறையப் பேர். காரணம் நாற்றம். அது எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டால் வாளியும் சரியாகும், காபனும் நைதரசனும் இயற்கையில் எப்படிச் சுற்றி வருகின்றன என்பதும் கையோடு விளங்கும்.

செடி காபனை எடுப்பது காற்றிலிருந்து, மண்ணிலிருந்து அல்ல. நைதரசனும் காற்றில் 78 வீதம் இருக்கிறதுதான், ஆனால் அதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் இரண்டு அணுக்கள் மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடப்பதால் செடியால் அதைத் தொட முடியாது. மண்ணில் கரைந்த அமோனியமாகவோ நைத்திரேற்றாகவோ வேருக்கு வந்தால்தான் உண்டு. அதனால் கிடைத்த நைதரசனைத் தப்பவிடாமல் வைத்திருப்பதுதான் முழு வேலையும்.

வாளிக்குள் வேலை செய்வது பற்றீரியாவும் பங்கசும். அவற்றின் உடம்பில் ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறத்தாழ 8 பங்கு காபன் இருக்கும், சக்திக்காக எரித்துக் காபனீரொட்சைட்டாக வெளியே விட இன்னும் 16 பங்கு போல வேண்டும். ஆகவே 25 முதல் 30 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் என்ற அளவு அவற்றுக்கு வசதி. மரக்கறிக் கழிவில் இந்த விகிதம் 15, 20 அளவில்தான் இருக்கும். அதை மட்டும் கொட்டினால் மிஞ்சும் நைதரசன் அமோனியாவாகக் கிளம்பிவிடும். மூக்கில் ஏறுவது உங்கள் கன்றுக்குப் போக வேண்டிய பசளை!

சரி, செய்முறைக்கு வருவோம். மூடி உள்ள வாளியில் அடியிலும் பக்கங்களிலும் துளை போடுங்கள். கீழே ஒரு கை காய்ந்த இலை. அப்புறம் ஒரு கோப்பை மரக்கறிக் கழிவு, தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் (சின்னதாக நறுக்கினால் சீக்கிரம் உக்கும்) போட்டால், மேலே காபன் கூடிய காய்ந்த இலையோ இரண்டு கோப்பை, கிழித்த காட்போட் மட்டையோ கட்டாயம் போடுங்கள். மரத்தூள் கொஞ்சம் போதும், அதில் ஒரு பங்கு நைதரசனுக்குக் காபன் 300 பங்குக்கும் மேலே. மீன் கழிவும் உக்கும்தான், ஆனால் பல்கனியில் இலையான் தொல்லை தாங்காது.

வாரத்துக்கு இரண்டு தரம் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி, ஒழுகினால் காற்றுப் போக இடமில்லை என்று அர்த்தம். கூழ்முட்டை நாற்றம் வந்தாலும் இதே குறைதான், காய்ந்ததைச் சேர்த்துக் கிளறினால் போய்விடும். காற்றே இல்லாத இடத்தில் காபன் மெதேனாக மாறுகிறது. பொலித்தீன் பையில் கட்டிக் குப்பைமேட்டுக்கு அனுப்புவதை நான் மறுப்பது இதனால்தான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையில் மேடு சரிந்து 32 பேர் இறந்ததை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை அடிக்கும் பக்கத்தில் வாளியை வைக்காதீர்கள். நைத்திரேற்று மண்ணோடு ஒட்டாது, தண்ணீரோடு ஓடிவிடும். கான் வழியாக வாவிகளுக்குப் போய்ப் பாசியை வளர்ப்பதில் அதற்கும் பங்குண்டு.

இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாகி மண்வாசம் வரும். அவசரப்பட்டு அரைகுறையாக உக்கியதைக் கத்தரிக் கன்றுக்குப் போட்டால் இலை மஞ்சளாகும். ஏனென்றால் உள்ளே மிச்சமிருக்கும் காபனை உண்ண, நுண்ணுயிர்கள் சட்டி மண்ணில் இருக்கும் நைதரசனையும் இழுத்துக்கொள்ளும். இன்னும் சில வாரம் விடுங்கள், அவை செத்து உக்கும்போது அமோனியம் வெளிவரும், நைத்ரோசோமோனாசு, நைத்ரோபக்டர் என்ற பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக்கும்.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது கூட்டெரு எல்லாவற்றையும் ஈடுகட்டும் என்று பலர் நம்பினார்கள். யூரியாவில் நைதரசன் 46 வீதம், நல்ல கூட்டெருவில் ஒன்று அல்லது இரண்டு வீதம்தான், அதுவும் மெல்ல மெல்லத்தான் விடுபடும். பல்கனிக் கீரைக்குப் போதும், வயலுக்கு அதை மட்டும் நம்பச் சொல்வது விவசாயிக்குச் செய்யும் அநியாயம்.

கூடுதலாக நைதரசன் வேண்டுமென்றால் ஒரு சட்டியில் கௌபி விதையுங்கள். பூக்கும் நேரத்தில் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், வேரில் மிளகு போன்ற முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியென்றால் றைசோபியம் என்ற பற்றீரியா காற்று நைதரசனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. காய் முற்றவிட்டால் அந்த நைதரசனில் பெரும்பகுதி விதைக்குப் போய்விடும், ஆகவே மண்ணுக்காக வளர்ப்பதென்றால் பூக்கும்போதே மண்மட்டத்தில் வெட்டி, தண்டையும் இலையையும் நறுக்கி வாளியில் போட்டு, வேரைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து அதே சட்டியில் கீரை விதையுங்கள்.