மரபுச் சங்கத்தில் நிர்வாகத் தெரிவும் யாப்புத் திருத்தமும்: பிணக்கில்லாமல் நடத்தும் முறை

காமன் கதையை ஆடும் காமன்கூத்துக் குழுவாகத் தொடங்கி, பிறகு பத்துச்சீட்டு (தோட்டத்தை விட்டு விலகும்போது கொடுத்த சீட்டு), செக்ரோல் (வேலைநாள் பதிவேடு) பக்கம், தப்பு மேளம், தேயிலைக் கொழுந்துக்கூடை, பழைய கல்யாணப் படங்கள் என்று சேர்த்து, லயத்தின் (தோட்ட வரிசை வீட்டின்) கடைசிக் காம்பராவை, அதாவது அறையை, காட்சியறை ஆக்கிய சங்கங்கள் இலங்கையின் மலையகத்தில் இருக்கின்றன. அந்தப் பொருட்களைப் பெரும்பாலும் ரசீது கேட்காமல்தான் குடும்பங்கள் கொடுத்திருக்கும். தெரிவில் பிணக்கு வந்து இரண்டு நிர்வாகம் உருவானால் வங்கி கணக்கை நிறுத்திவிடும், சாவி ஒரு பக்கமும் பொருட்பதிவேடு இன்னொரு பக்கமும் போய்விடும். அடுத்த வாரமே "எங்க அப்பாயியோட படத்தைத் திருப்பித் தாங்க" என்று வீட்டுக்காரர்கள் வந்து நிற்பார்கள். தோற்றவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிற மாதிரித் தெரிவை நடத்துவதுதான் சேகரிப்புக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

முதலில் எந்த யாப்பு (சங்கத்தின் அமைப்புவிதி) உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்று பாருங்கள். செயலாளரின் கோப்பில் இருக்கும் பிரதியை நம்பவேண்டாம். பதிவு அலுவலகத்தில் கொடுக்கப்பட்ட பிரதியை வாங்கிப் பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். பிரதேச செயலகத்தில் சங்கமாகப் பதிந்தவர்கள், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின்கீழ் பதிந்தவர்கள், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி உத்தரவாதக் கம்பனியாக (பங்குகளுக்குப் பதில் உறுப்பினரின் உத்தரவாதத்தில் நிற்கும் கம்பனியாக) இருப்பவர்கள் என்று மூன்று வகை சாதாரணமாகக் காணலாம். கம்பனியாக இருந்தால் உள்விதிகளை மாற்ற விசேட தீர்மானம் வேண்டும். வாக்களித்தவர்களில் 75 வீதம் ஆதரவு என்பது சட்டமே வைத்த அளவு, கூட்டம் நினைத்தாலும் அதைக் குறைக்க முடியாது. மற்ற இரண்டு வகையிலும் உங்கள் யாப்பில் எழுதியிருப்பதே அளவு. பதிவில் இருப்பது ஆங்கிலப் பிரதி, உறுப்பினர் கையில் இருப்பது தமிழ்ப் பிரதி என்றால், முரண் வந்தால் எது செல்லும் என்று யாப்பில் ஒரு வரி இருக்கவேண்டும். இல்லையென்றால் இந்த ஆண்டே அதைச் சேருங்கள்.

நாள் குறிப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். தைப்பொங்கல் கழிந்து மாசி பிறப்பதற்கு முன் வரும் ஞாயிறுகள் நல்லவை. மாசியில் காமன் கம்பம் ஊன்றிக் கூத்துத் தொடங்கிவிட்டால் கூத்தர்கள் யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அவர்கள் இல்லாத கூட்டத்தில் மரபுச் சங்கத்துக்குத் தெரிவு நடத்துவது முறையுமல்ல. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஆனி, ஆடி மழையில் வைக்காதீர்கள். ஊவாப் பக்கம் ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் மண்சரிவும் இருக்கும். கைக்காசுக் கொழுந்து (நாட்சம்பளத்துக்கு வெளியே காசுக்குப் பறிப்பது) எடுக்கும் ஞாயிறு எது என்று தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் (பிரிவிலும்) கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் நாள் வைத்தால் பெண்கள் மலையில் இருப்பார்கள், ஆண்கள் மட்டும் கூடித் தீர்மானம் எடுப்பார்கள். காலை 10.30க்கு முன் தொடங்கினாலும் தண்ணீர், சமையல் வேலையில் இருப்பவர்கள் வந்துசேர மாட்டார்கள்.

நாளைக் குறித்த பிறகு பின்னோக்கி எண்ணுங்கள். 60 நாளுக்கு முன் நிர்வாக சபை திருத்த வாசகத்தை முடிவாக எழுதவேண்டும். 45ஆம் நாளில் உறுப்பினர் இடாப்பை (பெயர்ப் பதிவேட்டை) மூடவேண்டும், 30ஆம் நாளில் வாக்குரிமை உள்ளவர்களின் பட்டியலை ஒட்டவேண்டும். 21 நாளுக்கு முன் அறிவித்தல், 10 நாளுக்கு முன் வேட்புமனு முடிவு, 7 நாளுக்கு முன் வேட்பாளர் பட்டியல். யாப்பு வேறு கணக்குச் சொன்னால் யாப்பின் கணக்குத்தான்.

இடாப்பை மூடும் நாள் மிக முக்கியம். தெரிவன்று காலையில் ஒருவர் வந்து 25 பேரின் சந்தா பாக்கியைத் தன் கைக்காசில் கட்டி, அந்த 25 பேருக்கும் வாக்குரிமை கேட்பது பல சங்கங்களை உடைத்த வழி. மூடிய திகதிக்குப் பிறகு வரும் பணத்தை வாங்கலாம், ரசீதும் கொடுக்கலாம். வாக்குரிமை அடுத்த கூட்டத்திலிருந்துதான். அந்த விதியைப் பட்டியலின் அடியிலேயே எழுதி ஒட்டுங்கள். ஒரே டிவிஷனில் மூன்று லெட்சுமி இருப்பார்கள், அதனால் பெயரோடு உறுப்பினர் இலக்கமும் லயத்தின் இலக்கமும் வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தைச் சுவரில் ஒட்டவேண்டாம், இடாப்பில் மட்டும் வையுங்கள்.

அறிவித்தலைப் பெரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்), கோயில், பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்) மூன்று இடத்திலும் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் போடுவது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. சிக்னல் எட்டாத டிவிஷன்கள் இருக்கின்றன, "எனக்கு வரவில்லை" என்பவரை மறுக்கவும் முடியாது. டிவிஷனுக்கு ஒருவர் பொறுப்பெடுத்துக் கையில் கொடுத்து, பெற்றதற்குக் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வாங்கவேண்டும்.

திருத்த வாசகத்தை எழுதும் முறைக்கு வருவோம். "சந்தா, கோரம் (கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை) பற்றிய திருத்தங்கள்" என்று தலைப்பை மட்டும் அனுப்பிவிட்டு வாசகத்தைக் கூட்டத்தில் வாசித்தால் அது அறிவித்தலே அல்ல. மூன்று நிரல் போடுங்கள்: இப்போதுள்ள வாசகம், புதிய வாசகம், காரணம். ஒரு வாசகத்துக்கு ஒரு திருத்தம், ஒரு வாக்கெடுப்பு. ஐந்தையும் கட்டி ஒரே கையுயர்த்தலில் நிறைவேற்றினால், பிடிக்காத ஒன்றுக்காக நல்ல நான்கும் தோற்கும், அல்லது நல்ல நான்கின் நிழலில் ஒன்று நுழைந்துவிடும்.

கூட்டத்தில் எழுந்து வாசகத்தை மாற்றக் கேட்பவர்கள் வருவார்கள். அறிவித்தலின் எல்லைக்குள் இருந்தால் அனுமதிக்கலாம். சந்தாவை 300 ரூபாவிலிருந்து 500 ரூபாவாக்கும் திருத்தத்தை 400 என்று குறைக்கலாம், 600 ஆக்க முடியாது. 500தானே என்று நம்பி வீட்டில் இருந்துவிட்டவருக்கு 600 அநியாயம். அந்த நியாயத்தைச் சொன்னால் சபை ஏற்றுக்கொள்ளும்.

பெரும்பான்மை வாசகத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். வாக்குரிமை உள்ளவர்கள் 120 பேர், கோரம் மூன்றில் ஒன்று, அதாவது 40 என்று வையுங்கள். கூட்டத்துக்கு 62 பேர் வந்தார்கள். ஆதரவு 38, எதிர்ப்பு 16, 8 பேர் வாக்களிக்கவில்லை. யாப்பில் "வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு" என்றிருந்தால் தேவை 54இல் 36, திருத்தம் நிறைவேறியது. "சமுகமளித்தவர்களில்" என்றிருந்தால் தேவை 42, தோற்றது. "உறுப்பினர்களில்" என்றிருந்தால் தேவை 80. வந்த 62 பேரும் கையுயர்த்தினாலும் போதாது. கம்பனியாக இருந்தால் 54இல் 75 வீதம் 40.5, ஆகவே 41 வேண்டும், அங்கேயும் தோற்றது. ஒரே கூட்டம், ஒரே வாக்கு, ஒரு சொல்லில் முடிவு மாறுகிறது. வெறுமனே "மூன்றில் இரண்டு பெரும்பான்மை" என்று எழுதியுள்ள யாப்பு சண்டைக்குப் போட்ட விதை. "சமுகமளித்து வாக்களித்தவர்களில்" என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பின்னம் வந்தால் மேலே கூட்டுவதா என்பதையும் எழுதுங்கள்.

திருத்தம் முதலா தெரிவு முதலா என்று கேட்பார்கள். நிகழ்ச்சி நிரலில் எது முந்தினாலும், தெரிவு பற்றிய திருத்தம் அடுத்த தெரிவிலிருந்துதான் நடைமுறைக்கு வரும் என்று அதே தீர்மானத்தில் சேருங்கள். 11 மணிக்கு நிர்வாக சபையை 7இலிருந்து 9 ஆக்கிவிட்டு 12 மணிக்கு 9 பேரைத் தெரிவு செய்தால், அந்த இரண்டு இடத்துக்கு யாருமே மனுக் கொடுத்திருக்க மாட்டார்கள். தகுதி இருந்தும் மனுக் கொடுக்க வாய்ப்பில்லாமல் போனவர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

ஒரேயடியாக எல்லோரையும் மாற்றுவதைவிட, 9 பேருக்கு மூன்றாண்டுப் பதவிக்காலம் வைத்து ஆண்டுக்கு 3 பேர் விலகுவது மரபுச் சங்கத்துக்குப் பொருந்தும். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று தெரிந்தவர் எப்போதும் ஆறு பேர் மிஞ்சுவார்கள். முதல் ஆண்டு யார் 1, யார் 2, யார் 3 ஆண்டு என்பதைச் சபை முன் திருவுளச்சீட்டில் எடுங்கள்.

தெரிவு அலுவலர் வேட்பாளராகவோ வேட்பாளரின் வீட்டாராகவோ இருக்கக்கூடாது. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், பக்கத்துச் சங்கத்தின் செயலாளர், கிராம உத்தியோகத்தர் யாரையும் கேட்கலாம். வேட்புமனுவில் முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரும் சந்தா கட்டியவராக இருக்கவேண்டும், வேட்பாளரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். சம்மதம் கேட்காமல் பெரியவர் ஒருவரின் பெயரைச் சபையில் கூவி, அவர் எழுந்து மறுத்தால் இரு பக்கத்துக்கும் அவமானம்.

கையுயர்த்தித் தெரிவு செய்யாதீர்கள். கங்காணியும் தொழிற்சங்கத் தலைவரும் பார்த்துக்கொண்டிருக்கும் மண்டபத்தில் எல்லாருடைய கையும் சுதந்திரமாக எழாது. 1948, 1949 சட்டங்களால் குடியுரிமையும் வாக்கும் இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்களில் குடியுரிமை கிடைக்காமல் மிச்சமிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நாடே சொந்தமாகவில்லை. நம் சங்கத்துக்குள் ஒருவருடைய வாக்கை மறைவாகப் போட விடுவது மிகச் சிறிய மரியாதை.

வாக்குச்சீட்டு செய்வது எளிது. ஒரு ஏ4 தாளை நான்காக வெட்டினால் 4 சீட்டு. 70 சீட்டுக்கு 18 தாள் போதும். சீட்டில் வேட்பாளர் பெயர், இலக்கம், ஒரு படம். எழுத்துத் தெரியாத மூத்த பெண்களுக்காகத்தான் படம்: தப்பு, உலக்கை, விளக்கு, குடை. கொழுந்துக்கூடையையும் கட்சிச் சின்னங்களையும் தவிருங்கள், ஒருவருக்கு மட்டும் சாதகமாகிவிடும். பின்பக்கம் சங்க முத்திரையை, சீட்டைக் கொடுக்கும்போதுதான் குத்தவேண்டும். முன்கூட்டியே குத்தி அடுக்கி வைத்தால் இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு போகும். 3 இடம் என்றால் 3 புள்ளடி (பெருக்கல் குறி) வரை போடலாம். குறைந்தால் செல்லும், 4 வந்தால் அந்தச் சீட்டே செல்லாது. உதவி வேண்டியவர் தானே தேர்ந்த ஒரு உறுப்பினரை அழைத்துக்கொள்ளலாம், வேட்பாளரை மட்டும் கூடாது.

பெட்டியை வெறுமையாகக் காட்டிப் பூட்டுங்கள். எண்ணும்போது முதலில் சீட்டின் தொகையைக் கையொப்ப இடாப்போடு ஒப்பிட்டு, பிறகுதான் வாக்கை எண்ணவேண்டும். ஒருவர் வாசிக்க, ஒருவர் கரும்பலகையில் ஐந்தைந்தாகக் கோடு போட, வேட்பாளருக்கு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். சமநிலை வந்தால் யாப்பில் உள்ளபடி. யாப்பு மௌனமானால் வேட்பாளர்களின் சம்மதத்தோடு திருவுளச்சீட்டு. சீட்டுகளை உறையிலிட்டு ஒட்டி, ஒட்டின்மேல் மூவர் கையொப்பமிட்டு 60 நாள் வையுங்கள்.

கூட்ட அறிக்கையில் "திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதினால் போதாது. இப்படி எழுதுங்கள்: "7ஆம் வாசகத்தின் 2ஆம் பிரிவு, இணைப்பு 1இல் உள்ளவாறு மாற்றப்படுகிறது. ஆதரவு 41, எதிர்ப்பு 13, வாக்களியாதோர் 8. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலிருந்து நடைமுறை." புதிய யாப்பை முழுதாகத் தட்டச்சு செய்து, திகதியும் பக்க இலக்கமும் இட்டு, பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். வங்கிக்குக் காசோலைக் கையொப்பக்காரர் மாற்றத்துக்கு அறிக்கையின் அத்தாட்சிப் பிரதி, புதியவர்களின் அடையாள அட்டைப் பிரதி, மாதிரிக் கையொப்பம் வேண்டும். பழைய கையொப்பக்காரரின் கடிதத்தையும் கூடவே கேட்கும் கிளைகள் உண்டு, அதனால் கூட்டம் முடிந்த அன்றே அதை எழுதி வாங்கிவிடுங்கள்.

இதே கூட்டத்தில் சேர்க்கத் தகுந்த இரண்டு வாசகம் உண்டு. குடும்பங்கள் கொடுத்த பொருளை எந்த நிர்வாகமும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்பது ஒன்று. சங்கம் கலைந்தால் பொருள் கொடுத்த குடும்பத்துக்கு, அவர்கள் இல்லையென்றால் பொதுநூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும் என்பது இன்னொன்று. இவ்விரண்டையும் மாற்ற மற்ற வாசகங்களைவிடக் கூடிய பெரும்பான்மை, நான்கில் மூன்று, வையுங்கள்.

கையளிப்புக்கு 14 நாள் போதும். காசுப்புத்தகம், காசோலைப் புத்தகம், முத்திரை, இடாப்பு, முகநூல் பக்கத்தின் கடவுச்சொல், பாட்டுப் பதிவுகள் உள்ள வன்தட்டு எல்லாம் பட்டியலில் வரவேண்டும். வன்தட்டைச் செருகி ஒரு கோப்பைத் திறந்து கேட்டுப் பாருங்கள். ஈரத்தில் கிடந்து கெட்டிருக்கலாம். பிறகு காட்சியறையைத் திறந்து, பொருட்பதிவேட்டை ஒருவர் வாசிக்க ஒருவர் பொருளைத் தொட்டுக் காட்டவேண்டும். இல்லாததை இல்லை என்று எழுதி, பழைய செயலாளரும் புதிய செயலாளரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்ட பிறகே சாவி கை மாறவேண்டும்.