‘காபியா, டீயா?’ என்றால் ‘சரி’ என்றார் அப்பா

அம்மா போன பிறகு திருவையாற்றில் அப்பா தனி. நான்கு மாதத்தில் ஆளே சுருங்கிவிட்டார். இரவில் தூக்கமில்லை, பேச்சு ஒற்றைச் சொல்லில் நின்றது. மேட்டூரில் ஜூன் 12 திறப்பென்றால் கல்லணைக்குத் தண்ணீர் வர நாள் எண்ணுகிற மனிதர், இந்த முறை வாயே திறக்கவில்லை.

மறதி நோயோ என்று பயந்தேன். தைராய்டு, பி12 சோதனைகளில் குறை இல்லை. ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன், அலமாரியில் கிடந்தது. தஞ்சாவூருக்கு அழைத்து வந்தேன். மூன்றாம் மாடியில் இன்னும் மோசம்.

பிடிபட்டது சமையலறையில்தான். பின்னாலிருந்து, ‘காபியா, டீயா?’ என்று கேட்டேன். ‘சரி’ என்றார். முகம் பார்த்துக் கேட்டால் ஒழுங்கான பதில் வந்தது. கோளாறு காதில். அதை மறைக்கத்தான் டீக்கடைக்குப் போவதையே விட்டிருக்கிறார். காது மந்தம், தனிமை இரண்டுமே முதுமையில் மறதி நோய்க்கான ஆபத்தைக் கூட்டுபவை என்றார் மருத்துவர்.

காதுக் கருவி வாங்கி, ஊருக்கே திரும்ப அழைத்துப் போயும் தீரவில்லை. அது பேச்சோடு டீக்கடை பாய்லர் இரைச்சலையும் பெருக்கிவிடுகிறது. இரண்டே நாளில் கழற்றி வைத்துவிட்டார். கடைசியில் உதவியது, கடையில் உட்காரும் இடத்தை மாற்றியதுதான். பாய்லருக்கு முதுகு காட்டி, பேசுகிறவர்கள் எதிரே வரும்படி ஓரப் பெஞ்சில் உட்கார வைத்தேன். தினமும் காலை ஆறரைக்கு அதே பெஞ்சு.

மூன்று வாரத்தில் தூக்கம் திரும்பியது. நேற்று போனில் அவரே கேட்டார்: ‘வெண்ணாற்றில் எவ்வளவு விட்டிருக்கிறார்கள், பேப்பரில் பார்த்தாயா?’