காலேஜ் கூடைப்பந்து ஸ்கோரர்களை ஒப்பிடும்போது சொதப்பும் இடங்கள்

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து பற்றி இரண்டு பேர் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் "அவன் ஆட்டத்துக்கு 28 பாயிண்ட், இவன் 20தானே" என்பதில் வந்து நிற்கும். ஸ்டைலை ஒப்பிடுகிறேன் என்று கிளம்பிவிட்டு சராசரியை ஒப்பிடுவதுதான் முதல் தவறு. எத்தனை பாயிண்ட் என்பது வேறு, அது எப்படி வந்தது என்பது வேறு.

டேவிட்சன் கல்லூரிக்கு ஆடிய ஸ்டெஃபன் கரியையே பாருங்கள். 2007-08ல் பந்தைக் கொண்டுவரும் வேலை ஜேசன் ரிச்சர்ட்ஸுடையது, அந்த சீசனில் நாட்டிலேயே அதிக அசிஸ்ட் (அடுத்தவர் பாயிண்ட் எடுக்கக் கொடுக்கும் பாஸ்) சராசரி அவருக்குத்தான். கரி ஸ்க்ரீன்களை, அதாவது தடுப்பவரை மறித்து நிற்கும் சக வீரர்களை, சுற்றி ஓடி, பந்து கைக்கு வந்ததுமே எறிவார். த்ரீ, அதாவது கோட்டுக்கு வெளியே தூரத்திலிருந்து எறியும் மூன்று பாயிண்ட் ஷாட், 44 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. ரிச்சர்ட்ஸ் கல்லூரி முடித்துப் போனதும் பந்தைக் கொண்டுவரும் அந்த பாயிண்ட் கார்டு வேலையும் கரி தலையில் விழுந்தது. 2008-09ல் அவர் சராசரி 25.9லிருந்து 28.6க்கு ஏறி நாட்டில் முதலிடம், ஆனால் த்ரீ 39 சதவீதத்துக்குக் கீழே. கை கெட்டுவிட்டதா என்ன? தானே பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேர் மறிக்க, தானே உருவாக்கி எறிய வேண்டிய ஷாட்கள் கூடிவிட்டன, அவ்வளவுதான். ஒரே ஆளுக்கே இப்படி என்றால், அடுத்தவர் பாஸில் எறிபவரையும் தானே உருவாக்குபவரையும் வெறும் சதவீதத்தை வைத்து எப்படி எடை போடுவது?

அப்புறம் ஆட்ட வேகம். லயோலா மேரிமவுண்ட் 1989-90ல் ஆட்டத்துக்கு 122.4 பாயிண்ட் எடுத்த அணி. 2019ல் சாம்பியனான வர்ஜீனியா எடுத்தது 71 சொச்சம். இந்த இரண்டு அணியிலும் ஒருவர் 20 எடுத்தால் அது ஒரே 20 இல்லை.

காலத்தை மறப்பது இன்னொன்று, இதில்தான் சண்டை அதிகம். எல்எஸ்யூவின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) பீட் மாராவிச் மூன்றே சீசனில், 83 ஆட்டங்களில் 3,667 பாயிண்ட். 2023ல் முடித்த டெட்ராய்ட் மெர்சியின் ஆண்ட்வான் டேவிஸ் 144 ஆட்டங்களில் 3,664. மாராவிச் காலத்தில் த்ரீ-பாயிண்ட் கோடே கிடையாது, ஆண்கள் கல்லூரி ஆட்டம் முழுவதற்கும் அது 1986-87ல்தான் வந்தது. சரி, ஆனால் மாராவிச் ஆட்டத்துக்குச் சுமார் 38 ஷாட் எறிந்தார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். (இருவருக்கும் கோச் சொந்த அப்பாதான். எவ்வளவு வேண்டுமானாலும் எறியலாம்!)

கடைசியாக, ஃப்ரீ த்ரோவை (ஃபவுலுக்குப் பதில் யாரும் தடுக்காமல் எறியும் ஒரு பாயிண்ட் ஷாட்) "சும்மா வந்த பாயிண்ட்" என்று தள்ளுபவர்கள். ஒருவர் 20 ஷாட் எறிந்து 20 பாயிண்ட் எடுக்கிறார். இன்னொருவர் 12 ஷாட், 6 ஃப்ரீ த்ரோவில் அதே 20. இரண்டாமவர்தான் அணிக்கு லாபம், ஆனால் ஹைலைட்ஸில் அவர் இருக்க மாட்டார். பர்டூவின் ஸாக் ஈடி 7 அடி 4 அங்குலம், 2023-24ல் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் ஃப்ரீ த்ரோ எறிந்தார், சராசரி 25.2. "உயரம்தானே காரணம்" என்றார்கள். உயரமானவர்கள் கல்லூரி கூடைப்பந்தில் எத்தனையோ பேர், ஆனால் கூடைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, பந்தை வாங்கி, தடுப்பவரை ஃபவுல் செய்ய வைப்பதை ஒவ்வொரு ஆட்டமும் செய்ய எல்லோராலும் முடிவதில்லை. யூகானிடம் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) தோற்ற 2024 ஃபைனலில்கூட பர்டூவின் 60 பாயிண்டில் 37 அவருடையது.