காட்ஸ்வோல்டுல கைடோட நடக்கப் போறீங்களா? முதல்ல காலைக் கவனிங்க

இங்கிலாந்து கிராமப்புறத்துல கைடோட நடக்கற டூர் புக் பண்றவங்க ரூம் எப்படி, சாப்பாடு எப்படின்னுதான் விசாரிக்கறாங்க, ஆனா முதல்ல கேக்க வேண்டியது ஒரு நாளைக்கு எத்தனை மைல், எவ்வளவு ஏத்தம்னு. காட்ஸ்வோல்ட் குன்றுகள் வழியா போற நடைபாதைக்கு காட்ஸ்வோல்ட் வேன்னு பேரு, மொத்தம் 102 மைல், வடக்குல சிப்பிங் கேம்டன்ங்கற ஊர்ல ஆரம்பிச்சு தெற்குல பாத் நகரத்துல முடியுது. முதல் தடவைன்னா வடக்குப் பக்கம் மட்டும் மூணு நாள் போங்க, அதுவே நிறைவா இருக்கும். கேம்டன்ல இருந்து பிராட்வே கிராமம் சுமார் 6 மைல், நடுவுல 1,024 அடி உயரத்துல பிராட்வே டவர் இருக்கற குன்னு, மறுநாள் பிராட்வேல இருந்து வின்ச்கோம்ங்கற ஊர் 12 மைல் கிட்ட வரும், அதுதான் உண்மையான பரீட்சை.

வழி பாக்கறது கைடோட வேலை, உங்க கால் உங்க பொறுப்பு. புது பூட்ஸோட போய் இறங்கவே இறங்காதீங்க, ஒரு மாசமாவது ஊர்ல போட்டு நடந்து பழக்குங்க. காட்டன் சாக்ஸ் வேர்வையில ஊறிப்போய் தோலை உராசும், கம்பளி சாக்ஸ் வாங்குங்க. குதிகால்ல லேசா சூடு தெரியுதா, அந்த நிமிஷமே கைடுகிட்ட சொல்லி நின்னு பிளாஸ்டர் ஒட்டுங்க, கூட்டத்தை நிறுத்தறோமேன்னு கூச்சப்பட்டு நடந்தா சாயங்காலம் கொப்புளம் உடைஞ்சு மறுநாள் நடையே போயிடும்.

பாதை பாதி நேரம் தனியார் பண்ணை நடுவுலதான் போகும், நடக்க சட்டப்படி உரிமை இருக்கு, ஆனா பாதையை விட்டு விலகாம, பயிர் இருந்தா ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போங்க. கேட் திறந்திருந்தா திறந்தபடி, மூடியிருந்தா மூடிட்டு. கிஸ்ஸிங் கேட்னு ஒண்ணு வரும், அரைவட்டக் கம்பிக்குள்ள கதவு ஆடும், உள்ள போய் மூலையில ஒதுங்கி கதவை அந்தப் பக்கம் தள்ளிட்டு வெளிய வரணும், பெரிய பை இருந்தா மாட்டிக்கும், கழட்டித் தலைக்கு மேல தூக்கிக்கோங்க. பசு கன்னோட நின்னா நடுவுல புகுந்து போகவே கூடாது, சுத்திப் போங்க.

கொஞ்சம் பின்தங்கிட்டா பயப்படாதீங்க, கம்பத்துல ஓக் கொட்டை படம் போட்டிருக்கும், அதைப் பிடிச்சு வரலாம்.

மழை எந்த மாசமும் வரும், ரெயின் ஜாக்கெட் பையில மேலாப்புல இருக்கட்டும். பூட்ஸ் நனைஞ்சா ராத்திரி நியூஸ்பேப்பரைக் கசக்கி உள்ள திணிச்சு வைங்க, ஹீட்டர் மேல மட்டும் வைக்காதீங்க, லெதர் வெடிச்சிடும்.