ஊசி அவள், கட்டு அவன்

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிற நர்ஸ் பிள்ளைகளுக்குத் திருச்சியில் மொழி சொல்லித் தருகிறேன். அவர்கள் அதிகம் இடறுவது பெயர்ச்சொல்லின் பாலில்தான். ஊசி 'டீ ஷ்ப்ரிட்ஸெ', பெண்பால். காயத்துக்குப் போடும் கட்டு 'டெர் ஃபெர்பாண்ட்', ஆண்பால். பிளாஸ்திரி 'டாஸ் ஃப்ளாஸ்டர்', இரண்டுமில்லாத நடுப்பால். நமக்கு மூன்றும் 'அது'.

நான் படித்த காலத்தில் சொல்லைப் பேனாவிலும், பாலைக் காட்டும் டெர், டீ, டாஸைப் பக்கத்தில் பென்சிலிலும் எழுதி வைத்தேன். பேசும்போது சொல் வந்தது, பென்சிலில் எழுதியது வரவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. தாய்மொழியில் பேசுகிறவருக்குப் பால் தனியாக ஒட்டுவதில்லை. இத்தாலியர்களை வைத்துச் செய்து 1997இல் வெளியான ஓர் ஆய்வில், சொல் நாக்கு நுனியில் நின்று வெளிவராத நேரத்திலும் அதன் பாலைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். ஒலி முழுதாய்க் கிடைக்காதபோதும் பால் கிடைத்துவிடுகிறது.

அதனால் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அடைமொழியோடு வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'ஐன் நொய்யர் ஃபெர்பாண்ட்', 'ஐனெ நொய்யெ ஷ்ப்ரிட்ஸெ', 'ஐன் நொய்யெஸ் ஃப்ளாஸ்டர்'. 'ஒரு' என்ற பொருளுள்ள 'ஐன்' மட்டும் சொன்னால் ஆண்பாலும் நடுப்பாலும் ஒன்றுபோலவே ஒலிக்கும். 'புதிய' என்ற அடைமொழியின் ஈறுதான் பிரித்துக் காட்டும்.

அப்புறம் ஒரு தட்டில் மூன்றையும் வைத்து, 'எங்கே?' என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் பெயரைச் சொல்லாமல் பதில் சொல்ல வேண்டும். ஊசிக்கு 'ஸீ' (அவள்), கட்டுக்கு 'ஏர்' (அவன்), பிளாஸ்திரிக்கு 'எஸ்' (அது). தமிழ் வாய் எல்லாவற்றுக்கும் 'எஸ்' என்றே ஓடும். இந்தப் பயிற்சியை மட்டும் தினமும் பத்து நிமிடம் விடாமல் செய்யுங்கள்.

பெண்பால் சொற்களை ஒருநாள், ஆண்பால் சொற்களை மறுநாள் என்று பிரிக்காதீர்கள், கலந்தே கேளுங்கள். 1993இல் வெளியான டச்சு மொழி ஆய்வு ஒன்றில், படத்தோடு வேறு பாலைச் சேர்ந்த சொல் தெரிந்தபோது, அந்தப் படத்தில் உள்ளதை அடைமொழியோடு சேர்த்துச் சொல்லத் தாய்மொழிக்காரர்களே தாமதித்தார்கள். வார்டில் அந்தக் குறுக்கீடு எப்போதும் இருக்கும்.

ஈறுகளும் உதவும். '-உங்', '-ஹைட்', '-கைட்' விகுதிகள் பெண்பால். '-ஷென்' விகுதி நடுப்பால், அதனால் சிறுமிகூட 'டாஸ் மேட்ஷென்'. விசித்திரமாகத் தெரிந்தால், 'குழந்தை அழுதது' என்று நாம் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தவறினால் டெர், டீயை மட்டும் மாற்றாதீர்கள். முழு வாக்கியத்தையும் முதலிலிருந்து சொல்லுங்கள்.