குடத்துக்குள் கைவிட்ட சிறுவன்: இளையோருக்கான சரித்திரக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளும் நானும் சோழர் காலக் கதைகளை மாற்றி மாற்றிப் படிப்போம். ஒரு கதையில், ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூர்ப் பாட்டி மிளகாய் வற்றல் கிள்ளிப் போட்டுத் தாளித்தாள். "சித்தி, மிளகாய் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதானே வந்தது?" என்று கேட்டவள், அதற்கப்புறம் அந்தக் கதையில் எதையும் நம்பவில்லை.

தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா எல்லாம் அப்படித்தான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அன்றைய காரம் மிளகு. வீரன் "பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்வதும் உறுத்தும். அவனுக்கு நாழிகை இருந்தது, நம் கணக்கில் 24 நிமிடம். அதற்காக எல்லோரையும் கல்வெட்டுத் தமிழில் பேசவைக்க வேண்டாம். எளிய, சுத்தமான தமிழ் போதும்.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதாதீர்கள். விழும். பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகள் நேரிலேயே பார்த்துவிடுவார்கள்.

இதையெல்லாம் திருத்துவது சுலபம். என்னை வருத்துவது பெருமையை மட்டும் பேசும் கதைகள். உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. கதைகள் "அன்றே மக்களாட்சி!" என்று முழங்கிவிட்டு நகர்ந்துவிடும். அது பிராமணர் ஊரின் சபை. சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35க்கு மேல் 70க்குள் வயது, இவ்வளவும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். உழுதவனுக்கு அங்கே இடமில்லை. இதை மறைத்தால் கதையே போய்விடும். ஏனென்றால் அதே கல்வெட்டில், குடத்துக்குள் இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் சொல்கிறார்கள். அதை மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம். அந்தச் சிறுவன் யார், அவன் கை நடுங்கியதா, அன்று இரவு வீட்டில் என்ன சொன்னான்? இளையோர் நாவலுக்கு இதைவிட நல்ல நாயகன் எனக்குத் தெரியவில்லை.

போரும் அப்படித்தான். 1025இல் ராஜேந்திரனின் படை கடல் கடந்து கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) சென்றது என்றால், கரையில் நின்று அந்தக் கப்பல்களைப் பார்த்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு அத்தியாயம் கொடுங்கள்.

இன்னொரு தவறு, இன்றைய பெண்ணுக்கு அன்றைய சேலையைக் கட்டி நாயகியாக்குவது. எதையும் எதிர்த்துப் பேசுவாள், எங்கும் தனியாகப் போவாள், யாரும் தடுக்க மாட்டார்கள். தடை இல்லாவிட்டால் அவள் துணிச்சலுக்கு என்ன மதிப்பு? பெரிய கோயிலில் ஆட, பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை ராஜராஜன் தஞ்சைக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்கள் பெயர்கள் வீட்டு வரிசைப்படி இன்றும் கோயில் சுவரில் இருக்கின்றன. வரவேண்டுமா என்று அவர்களை யாராவது கேட்டார்களா? அந்த வீடுகளில் ஒன்றில், பழக்கமில்லாத தெருவின் சத்தத்தைக் கேட்டபடி முதல் இரவு விழித்துக் கிடந்தவளின் கதையைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.